துப்பாக்கி வார் வாங்க வேண்டும்: 400 ரூபாயா, 8,000 ரூபாயா? கடலூர், புதுவை நண்பர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் அப்பா | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் புதுவையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். வாரத்தில் மூன்று நாள் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறோம். போன மாதம் கோச் அவளை கிளப்பின் .22 தோட்டா ரைபிளில் படுத்துச் சுட வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். ஹால் தரையில் பாய் விரித்துக் குடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"அடுத்த தடவை வரும்போது ஸ்லிங் வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு கோச் கேம்ப்புக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. ஸ்லிங் என்றால் துப்பாக்கி வாராம். நெட்டில் தேடினால் 400 ரூபாய்க்கும் ஸ்லிங் இருக்கிறது, 8,000 ரூபாய்க்கும் இருக்கிறது. 400 ரூபாய் படத்தில் பச்சை உடுப்பு போட்ட ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். 8,000 ரூபாய் படத்தில் பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்று வாரோடு தொங்குகிறது. ஒரு வாருக்கு எட்டாயிரமா என்று 400-ஐ வாங்கிவிட்டேன். மகள் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பை மாட்டுற வாரு" என்கிறாள். நான் தப்பு செய்துவிட்டேனா?

பண்ருட்டி முந்திரி | சனி, இரவு 9.58

தப்பெல்லாம் இல்லை சார். அந்த 400 ரூபாய் வாரை எனக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்கு அதுதான் வேண்டும். உங்கள் பெண்ணுக்கு அது ஆகாது என்று மட்டும் தெரிகிறது. ஏன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

முதுநகர் ஹவில்தார் | சனி, இரவு 10.20

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவன். எங்களுக்கு வார் என்றால் முதலில் சுமக்கத்தான். .303 ரைபிள் காலத்தில் பருத்தி நாடா வார், ஒன்றேகால் அங்குல அகலம், இரண்டு பக்கமும் பித்தளைக் கொக்கி. அணிவகுப்புக்கு முந்தின நாள் ராத்திரி அந்தப் பித்தளையைத் தேய்த்தே விரல் கறுத்துவிடும். அப்புறம் எஸ்.எல்.ஆர். ரைபிள், அப்புறம் இன்சாஸ் ரைபிள். வார் மாறினாலும் வேலை அதேதான்.

ஆனால் சுமக்கிற வாரை வைத்தே பிடிப்பைக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். இடது கையை வாருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நுழைத்து, வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைப் பிடித்தால் வார் முழங்கைக்கு மேலே இறுகிக்கொள்ளும். இரண்டு நொடி வேலை. ஆட்டம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். ஆகவே மஞ்சக்குப்பம் சார், 400 ரூபாய் வாரை வைத்தே பாப்பா ஆரம்பிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஹெட்ஷாட் விக்கி | சனி, இரவு 10.31

ப்ரோ சிங்கிள் பாயிண்ட் வாங்குங்க. ஸ்பெஷல் ஃபோர்ஸ் எல்லாம் அதுதான் போடுறாங்க. ஒரே கொக்கி, செம ஸ்பீடு.

லாஸ்பேட்டை ப்ரோன் | சனி, இரவு 11.15

விக்கி தம்பி, அந்தப் பெண் 50 மீட்டரில் படுத்துக்கொண்டு அசையாத தாளைச் சுடப் போகிறாள். அதில் ஸ்பீடை வைத்து என்ன செய்வாள்? சிங்கிள் பாயிண்ட் என்றால் துப்பாக்கியின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் பின்னால் ஒரே இடத்தில் மாட்டுவது. வண்டியில் ஏறி இறங்குகிறவர்கள், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குச் சட்டென்று மாற்ற வேண்டியவர்கள் போடுவார்கள். கையை விட்டால் குழல் நேரே கீழே தொங்கும், நடந்தால் முட்டியில் இடிக்கும். அதை இந்த இழையில் இத்தோடு விட்டுவிடலாம்.

ஹவில்தார் ஐயா சொன்ன சுற்று முறை நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் போட்டியில் செல்லாது. ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி வார் மேற்கையில், அதாவது முழங்கைக்கு மேலே மட்டும்தான் மாட்டியிருக்க வேண்டும். அங்கிருந்து முன்கட்டைக்கு மட்டும்தான் போக வேண்டும். தோளில் பதியும் பின்கட்டையில் இன்னொரு முனை மாட்டியிருக்கக் கூடாது. கை அல்லது மணிக்கட்டின் ஒரு பக்கமாக மட்டுமே வார் போகலாம். அகலம் 40 மி.மீ.க்கு மேல் கூடாது. ஸ்விவலும் (வாரை மாட்டும் வளையம்) ஹேண்ட் ஸ்டாப்பும் (கை முன்னே நழுவாமல் தடுப்பது) தவிர துப்பாக்கியின் வேறெந்த இடமும் வாரில் படக்கூடாது. பழகும்போதே இதைப் பழகாமல் விட்டால் முதல் போட்டியில் நடுவர் வந்து தோளைத் தட்டுவார்.

மஞ்சக்குப்பம் அண்ணா, நீங்கள் "பிரஷர் பட்டை" என்று சொன்னதுதான் விஷயமே. கஃப் என்போம். அது மேற்கையைச் சுற்றி உட்காரும். அதிலிருந்து ஒற்றை வார் கிளம்பி, முன்கட்டையின் அடியிலுள்ள ரெயில் என்ற நீளத் தடத்தில் ஹேண்ட் ஸ்டாப்போடு மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் கனம் கையின் தசைக்கு வராமல் முழங்கை எலும்பு வழியாகப் பாய்க்கு இறங்கிவிடும். இடது உள்ளங்கையை முழுசாகத் தளர்த்தி விரலை விரித்தாலும் துப்பாக்கி விழாது. விழுந்தால் வார் தொளதொள என்று இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைபிளில் வாரே கிடையாது, நின்று சுடுவதில் அனுமதி இல்லை. நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போய்ச் சுட்டதெல்லாம் வார் இல்லாத ஆட்டம்தான். .22-வில் மூன்று நிலை ஆட்டம் என்றால் முட்டி போட்டும் படுத்தும் சுடும்போது வார் உண்டு, நிற்கும்போது கழற்றிவிட வேண்டும். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய இறுதிச்சுற்று வீடியோ கிடைத்தால் பாப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்க்கைப் பார்க்க வேண்டாம், முதல் இரண்டு நிலையிலும் அவர் இடது கையில் வார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கட்டும்.

மஞ்சக்குப்பம் அப்பா | ஞாயிறு, காலை 6.50

மிக்க நன்றிம்மா. ராத்திரியே படித்துக் காட்டினேன். "நான்தான் சொன்னேனே" என்கிறாள். சரி, 8,000 ரூபாய் வாரை ஆர்டர் போட்டுவிடலாமா?

பண்ருட்டி முந்திரி | ஞாயிறு, காலை 7.30

அதற்குள் என் கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் அப்பா காலத்து ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி இருக்கிறது. பன்றியைச் சுடுகிற எண்ணமெல்லாம் இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெரியும். முந்திரித் தோப்பில் ராத்திரி சுற்றி வரும்போது கையில் இருந்தால் ஒரு தைரியம், தேவைப்பட்டால் வானத்தைப் பார்த்து ஒரு சத்தம். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பு, அதனால் தோளில் தொங்க வேண்டும். வாரை மாட்ட அதில் வளையமே இல்லை.

முதுநகர் ஹவில்தார் | ஞாயிறு, காலை 8.05

வளையம் இல்லாவிட்டால் குழலுக்கும் பின்கட்டைக்கும் மேலாகச் சுருக்கு மாதிரி இறுகும் தோல் வார் உண்டு, ஆணி அடிக்க வேண்டாம். பழைய துப்பாக்கியின் கட்டையில் ஓட்டை போட்டுவிடாதீர்கள், அப்பா காலத்துப் பொருள்.

தோப்புக்கு அகல வார்தான் நல்லது. தோளில் படுகிற இடம் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். பாராசூட் கயிறு பின்னி விற்கிறார்களே, அது பார்க்க ஜோராக இருக்கும், அரை மணி நேரத்தில் தோளை அறுக்கும். ரப்பர் மெத்தை வைத்த வார் மேலைநாட்டுக் குளிருக்குச் செய்தது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும், நடக்கும்போது துப்பாக்கி ஊஞ்சல் ஆடும். பருத்தி நாடா போதும். நனைந்தாலும் காய்ந்துவிடும்.

குழல் மேலே பார்க்க மாட்டினால் முந்திரிக் கிளையில் இடிக்கும். முந்திரி மரம் தாழக் கிளை விடுகிற ஜாதி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடது தோளில் குழல் கீழே பார்க்கத் தொங்கவிட்டு இடது கையால் முன்கட்டையைத் தொட்டுக்கொண்டு நடங்கள். மழையும் உள்ளே இறங்காது. வரப்பில் குழல் வாய் மண்ணைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் அடைத்த குழலில் தோட்டா வெடித்தால் குழல் பிளக்கும். தோளில் தொங்கும்போது தோட்டா உள்ளே இருக்கவே கூடாது. வேலி தாண்டும்போதும் அப்படித்தான்.

பண்ருட்டி முந்திரி | ஞாயிறு, காலை 8.20

ஐயா, கிளையில் மாட்டி நான் மல்லாக்க விழுந்த கதை உங்களுக்கு யார் சொன்னது?

லாஸ்பேட்டை ப்ரோன் | ஞாயிறு, காலை 10.40

மஞ்சக்குப்பம் அண்ணா, ஆர்டர் போடும் முன் ஒரு கேள்வி, நேற்றே கேட்டிருக்க வேண்டும். பாப்பா எந்தக் கைக்காரி?

மஞ்சக்குப்பம் அப்பா | ஞாயிறு, காலை 10.52

எழுதுவது வலது கை. ஆனால் சுடுவது இடது தோளில். இடது கண்தான் பலம் என்று கோச் முதல் நாளே மாற்றிவிட்டார். ஏன் கேட்கிறீர்கள்? நான் பார்த்து வைத்திருக்கும் வாரில் "வலது" என்று போட்டிருக்கிறது. வார் வலது கையில்தானே மாட்ட வேண்டும், சரிதானே?

லாஸ்பேட்டை ப்ரோன் | ஞாயிறு, காலை 11.10

இல்லை அண்ணா, நிறுத்துங்கள்! "வலது" என்றால் வலது கைக்காரர் போடுவது, அதாவது அவருடைய இடது மேற்கைக்கு வளைத்துத் தைத்தது. உங்கள் மகளுக்கு வார் வலது மேற்கையில் வரும், ஆனால் வாங்க வேண்டியது "இடது" என்று போட்டது. என் தோழி ஒருத்தி இதே குழப்பத்தில் வாங்கிவிட்டு, விற்றவரிடம் மூன்று வாரம் மெயில் போட்டுப் போராடினாள். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கஃப் அவள் கையில் புரண்டு புரண்டு ஓரம் வெட்டும். இரண்டு கைக்கும் பொதுவாக நேர்ப்பட்டையாக வருவதும் உண்டு, முதல் வாருக்கு அதுவே போதும் என்பேன்.

8,000 கட்டாயமா என்றால், இல்லை. விலை ஏறுவது மூன்று விஷயத்துக்காக. முதலாவது, வார் நீளாமல் இருப்பது. அறுபது குண்டு சுடுவதற்குள் வார் இரண்டு மி.மீ. இளகினாலும் துப்பாக்கி தாழ்ந்துவிடும், நீங்கள் அறியாமலே தசையால் தூக்குவீர்கள். இரண்டாவது, நீளத்தைச் சின்னச் சின்ன அளவில் மாற்ற முடிவது. மூன்றாவது கஃப்பின் வடிவம். முதல் இரண்டும் சரியாக இருந்தால் போதும். மூன்றாவதற்குப் பாப்பாவின் கை வளர்ந்து முடியட்டும்.

தோல்பட்டறை | ஞாயிறு, பகல் 12.30

நீளாத வார் என்று பேச்சு வந்ததால் வருகிறேன். புதுச்சேரியில் பை, பெல்ட் தைக்கிறவன், துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் சுடுகிற நாலு பேருக்கு வார் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாத் தோலும் ஒன்றல்ல. மாட்டின் முதுகுத் தோல் இறுக்கமானது, வயிற்றுத் தோல் இழுத்தால் வரும். மலிவு வாரில் வயிற்றுத் தோலைத்தான் வைப்பார்கள், வெளியே பாலிஷ் போட்டால் வித்தியாசம் தெரியாது. ஒரு ஜாண் துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்துவிட்டுப் பாருங்கள், ஓட்டைகள் முட்டை வடிவத்துக்குப் போனால் அது வயிறு. பதனிடுவதிலும் இருக்கிறது. குரோமில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், செருப்பு மேல்பாகத்துக்கு நல்லது. வாருக்கு மரப்பட்டையில் பதனிட்டதுதான் நிற்கும். நம்ம பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில்தான் பதனிட்டார்கள்.

இன்னொரு யோசனை. இரண்டு தோல் பட்டைக்கு நடுவில் நைலான் நாடா வைத்துத் தைத்தால் நீளவே நீளாது. மொத்தக் கனம் நாலு மி.மீ. வரும்.

கடல் காற்றில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகையில் தோல் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பூட்டாதீர்கள், துணிப்பையில் வையுங்கள். வியர்வையில் நனைந்தால் நிழலில் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள், மெத்தென்று ஆகிவிடும், அப்புறம் இழுத்த இழுப்புக்கு வரும். கொக்கியில் பித்தளை பச்சை பூக்கும், இரும்பு துருப்பிடிக்கும். துடைத்தால் சரியாகிவிடும்.

லாஸ்பேட்டை ப்ரோன் | ஞாயிறு, பகல் 1.05

ஓட்டை முட்டையாகிற பரிசோதனை அருமை அண்ணே. பத்து வருடமாகச் சுடுகிறேன், இதை யாரும் சொன்னதில்லை. செயற்கை வார் வாங்கினால் இந்தத் தொல்லை பாதி இல்லை, ஆனால் வியர்வையில் ஜாக்கெட் மேல் வழுக்கும். ஜாக்கெட் கையில் வெளிப்பக்கம் வார் நழுவாமல் இருக்க ஒரே ஒரு கொக்கியோ பட்டனோ வைத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. ஒன்றுதான், இரண்டு கூடாது.

ஹெட்ஷாட் விக்கி | ஞாயிறு, மாலை 4.15

சரி அக்கா, சிங்கிள் பாயிண்டை விட்டுட்டேன். ஒரு டவுட்டு. பனியில சறுக்கிட்டே போய்ச் சுடுறாங்களே, அவங்க முதுகுல பை மாதிரி மாட்டியிருக்காங்க. அது என்ன வாரு?

லாஸ்பேட்டை ப்ரோன் | ஞாயிறு, மாலை 4.40

பயாத்லான். நல்ல கேள்வி தம்பி. இந்த இழையில் பேசுகிற இரண்டு வேலையும் ஒரே துப்பாக்கியில் இருப்பது அதில்தான். முதுகில் சுமக்க இரட்டைத் தோள் பட்டை, அது தனி. படுத்துச் சுடும்போது கையிலேயே கட்டியிருக்கும் கஃப்பிலிருந்து ஒரு கொக்கியைச் சடக்கென்று மாட்டிக்கொள்வார்கள், அது தனி. குறைந்தது மூன்றரைக் கிலோத் துப்பாக்கி, 50 மீட்டர், படுத்துச் சுடும்போது குறி 45 மி.மீ., நிற்கும்போது 115. நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது சுடுகிறார்கள். அதைப் பார்த்தால் நம் பல்ஸ் பிரச்சினை எல்லாம் வெட்கமாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் அப்பா | ஞாயிறு, மாலை 5.30

பல்ஸ் பிரச்சினை என்றால்?

லாஸ்பேட்டை ப்ரோன் | ஞாயிறு, மாலை 6.20

வார் வந்த பிறகு பாப்பாவே வந்து சொல்லுவாள், "அப்பா, குழல் நுனியிலுள்ள ஃபோர்சைட் டிக் டிக் என்று துடிக்கிறது" என்று. மேற்கையின் உள்பக்கம் ரத்தக்குழாய் ஓடுகிறது. கஃப் அதன் மேல் அழுத்தினால் நாடித்துடிப்பு வார் வழியாகக் குழலுக்குப் போய்விடும். கஃப்பை இன்னும் மேலே, அக்குளுக்குப் பக்கத்தில் தள்ளி, வார் கிளம்பும் இடம் கையின் வெளிப்பக்கம் வரும்படி திருப்பினால் பெரும்பாலும் அடங்கும். கஃப்பை இறுக்க வேண்டாம், நழுவாமல் இருந்தால் போதும். இறுக்கம் வாரில் இருக்க வேண்டும்.

முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். ஜாக்கெட் போட்டுக்கொண்டு வாரை நீளமாகவே வைத்து மாட்டட்டும். படுத்து, கையை ஹேண்ட் ஸ்டாப்பில் வைத்து, பின்கட்டையைத் தோளுக்குக் கொண்டுவரட்டும். லேசாக வந்து உட்கார்ந்தால் வார் நீளம். முட்டி மோதி உட்காரவே மறுத்தால் வார் குட்டை. கொஞ்சம் தள்ளி உட்கார வைக்க வேண்டும், அதுதான் அளவு. பிறகு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கட்டும். குறி பக்கத்துத் தாளுக்குப் போயிருந்தால் கையால் இழுத்துத் திருப்பக் கூடாது, இடுப்பை நகர்த்த வேண்டும். வாரின் பக்கமுள்ள முன்கை தரையிலிருந்து 30 டிகிரிக்குக் கீழே படுத்துவிடக் கூடாது, அதுவும் விதிதான். இருபது நிமிடத்தில் விரல் மரத்துப்போனால் ஒரு ஓட்டை தளர்த்துங்கள். வலியைத் தாங்குவது வீரம் என்று சில சீனியர்கள் சொல்வார்கள், கேட்க வேண்டாம். கையுறை கட்டாயம் வேண்டும், 12 மி.மீ. கனத்துக்குள்.

எந்த ஓட்டை, ஹேண்ட் ஸ்டாப் ரெயிலில் எந்த எண், இரண்டையும் வெள்ளைப் பேனாவால் எழுதி வையுங்கள். முட்டி போட்டுச் சுடுவதற்கு வேறு அளவு வரும், அதற்குத் தனியாக ஒரு பக்கம். என் நோட்டில் படுப்பதற்கு மட்டும் பதினேழு அடித்தல் திருத்தல் இருக்கிறது.

முதுநகர் ஹவில்தார் | ஞாயிறு, இரவு 8.10

லாஸ்பேட்டைம்மா, நீங்கள் சொன்னதைப் படித்தேன். போட்டி விதி எனக்குத் தெரியாமல் 400 ரூபாயில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வார் மாட்டாமல் ஜீரோ பார்த்துவிட்டு, அதாவது குண்டு குறியில் படும்படி சைட்டைத் திருத்திவிட்டு, வார் மாட்டிச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் போகும். .303-இல் கட்டை குழலோடு ஒட்டி ஓடும். வாரை இழுத்தால் ஒரு இடம், விட்டால் ஒரு இடம். ரேஞ்சில் இதற்காகத் திட்டு வாங்கியவன் நான். காற்று என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

லாஸ்பேட்டை ப்ரோன் | ஞாயிறு, இரவு 8.25

நூற்றுக்கு நூறு உண்மை ஐயா. கிளப் .22 பழசாக இருந்தால் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை நுழைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் குழல் தனியாக நிற்கிறது, கவலையில்லை. வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். எங்கேயாவது மாட்டினால் வாரோடுதான் ஜீரோ பார்க்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் அப்பா | பத்து நாள் கழித்து, புதன், இரவு 9.15

சொன்னால் நம்ப மாட்டீர்கள், தோல்பட்டறை அண்ணனிடமே தைத்துவிட்டோம். நடுவில் நைலான் நாடா, 38 மி.மீ. அகலம், நேர்ப்பட்டைக் கஃப். கோச் கேம்ப்பிலிருந்து வந்து ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாம்.

முதல் நாள் டிக் டிக் வந்தது. மகளே கஃப்பை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பத்து ரூபாய் நோட்டு கிளப் துப்பாக்கியில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது, ஆகவே வாரோடுதான் ஜீரோ. கடைசிப் பத்துக் குண்டைத் தாளில் பார்த்தேன், எட்டு ஒரே இடத்தில் கும்பலாக, இரண்டு இடது பக்கம் தனியாக. அந்த இரண்டும் பக்கத்து லேனில் யாரோ தும்மியதால் என்கிறாள்.

400 ரூபாய் வாரை பண்ருட்டி அண்ணனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

பண்ருட்டி முந்திரி | புதன், இரவு 9.40

வந்து சேர்ந்தது சார். பதிலுக்கு ஒரு கிலோ முந்திரி பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன், மஞ்சக்குப்பம் ஸ்டாப்பில் கண்டக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் அப்பா | புதன், இரவு 9.52

ஐயோ, எதற்கு அண்ணே! சரி, நன்றி. தோல்பட்டறை அண்ணே, ஒரு சின்ன வேலை. ஏழாம் ஓட்டையில் விரல் மரக்கிறதாம், எட்டில் கை தளர்த்தினால் துப்பாக்கி இறங்குகிறதாம். நடுவில் ஒன்று போட முடியுமா?

தோல்பட்டறை | புதன், இரவு 10.05

போடலாம். நேர்க்கோட்டில் போட்டால் மூன்றும் சேர்ந்து கிழியும், அரை விரல் தள்ளிப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, மாடியில்தான் இருப்பேன், கீழே நின்று கூப்பிடுங்கள். ஜாக்கெட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், போட்டுப் பார்த்துத்தான் குத்துவேன்.